வெள்ளை ஆறு, மஞ்சள் ஒன்று

1

நான் பனியைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்ப்பீர்கள். ஜெர்மனியில் இருந்து ஊருக்கு எழுதுகிறவர்கள் எல்லோரும் பனியில்தான் ஆரம்பிக்கிறார்கள். இத்தனை பனிக்காலம் பார்த்ததில் எனக்குக் குளிர் விட்டுப்போய்விட்டது. அதனால் இந்த முறை முட்டையைப் பற்றி எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை காலை என் மகள் நிவேதா அடுப்படியில் நின்று, "அம்மா, நீ அப்பாவக் கொல்லப் பாக்கறியா?" என்று கேட்டாள். மூன்று மணி நேரம் ரயிலில் உட்கார்ந்து வந்த பிள்ளை, காப்பியைக்கூட முடிக்கவில்லை. அவள் கையில் இருந்தது அப்பாவின் தட்டு. அதில் இரண்டு மஞ்சள் கரு. வெள்ளைக்கரு ஒரு துளிகூட இல்லாமல் நான் பார்த்துப் பார்த்துப் பிரித்து வைத்தது.

விஷயம் இதுதான். ஒரு மாதத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரருக்குப் பரிசோதனை செய்ததில், சிறுநீரில் ஏதோ ஒழுகுகிறது என்றார் டாக்டர். சாப்பாட்டில் 'ஐவைஸ்' குறைக்க வேண்டும் என்றார். என் வீட்டுக்காரருக்குத் தெரிந்த ஜெர்மன் தொழிற்சாலை ஜெர்மன். திருகாணி, ஷிஃப்ட், எண்ணெய்க் கசிவு இதையெல்லாம் கடகடவென்று பேசுவார், உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை வராது. அதனால் மொழிபெயர்ப்பாளராக நான் போயிருந்தேன். நான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். அங்கே ஐவைஸ் என்றால் வெள்ளைக்கரு. கேக்குக்கு நுரை வரும்வரை தினமும் அடித்து அடித்து என் தோள்பட்டையே இறங்கிப்போயிருக்கிறது. எனக்குத் தெரியாத ஐவைஸா? டாக்டரிடம் பெரிய மனுஷி மாதிரித் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அன்றிலிருந்து அவருக்கு வெள்ளைக்கரு கிடையாது. மஞ்சள் கரு மட்டும். முட்டை பாதியாகப் போய்விட்டதே, மனுஷன் இளைத்துப்போய்விடுவாரே என்று பருப்பை இரண்டு கரண்டி கூட ஊற்றினேன். தயிர் கூட. கோழி கூட. இப்படி மூன்று வாரம்.

"ஐவைஸ்னா வெள்ளக்கரு மட்டும் இல்லம்மா. புரோட்டீனுக்கும் அதே பேருதான். பருப்புல கீறதும் ஐவைஸ், கோழில கீறதும் ஐவைஸ். கொறைக்கச் சொன்னா நீ அள்ளி அள்ளிக் கொட்டிகினு கீற."

நிவிக்கு இப்போது இருபத்தைந்து வயது. ஆனால் அவள் தமிழுக்குப் பதினோரு வயதுதான். ஒரகடத்தில் இருந்து கிளம்பிய அன்று இருந்த தமிழ், அப்படியே நின்றுவிட்டது. ஊரில் அவள் வயதுப் பெண்கள் எல்லாம் இப்போது டிவி தமிழ் பேசுகிறார்கள். இவள் மட்டும் 'கீது', 'இன்னா' என்று இங்கே உட்கார்ந்து பேசுகிறாள். மற்றதெல்லாம் ஜெர்மன். தூக்கத்தில் உளறுவதும் ஜெர்மன். கோபம் வந்தால் மட்டும் தமிழுக்கு வருவாள். அதனால் அவள் என்னைத் திட்டுவதை நான் பெரும்பாலும் தடுப்பதில்லை.

இந்த முறை மட்டும் எனக்குக் கை கால் ஓடவில்லை. டாக்டருக்குப் பயந்து அல்ல. திங்கட்கிழமை போன் செய்து சொல்லிவிடலாம் என்று நிவியே சொல்லிவிட்டாள். வெள்ளை என்ற ஒரு சொல்லை நம்பி அவர் சாப்பாட்டில் நான் கை வைத்தது இது இரண்டாவது முறை. முதல் முறை அவருக்குக் கிடைக்க இருந்த போலீஸ் வேலையே போனது. அதை இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவரிடமும்.

2

1991-இல் எங்களுக்குக் கல்யாணம். நான் மணிமங்கலத்துப் பெண். அவர் வீடு வல்லக்கோட்டைக்குப் பக்கத்தில். அப்போது அந்தப் பக்கத்தில் கம்பெனி என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. படிச்ச பையன் என்றால் ஒன்று வாத்தியார், இல்லையென்றால் போலீஸ். அவர் போலீஸ் தேர்வுக்கு மனு போட்டிருந்தார். தினமும் விடிவதற்கு முன் படப்பைக்கு சைக்கிளில் போய், ஒரு தகரக் கொட்டகையில் கசரத்து எடுப்பார். தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை எல்லாம் உண்டு. அங்கே சொல்லிக்கொடுக்கிறவரை எல்லோரும் வாத்தியார் என்றுதான் கூப்பிடுவார்கள்.

கல்யாணமாகி நாற்பது நாள் இருக்கும். ஒருநாள் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிய ஒரு சீட்டை என்னிடம் கொடுத்தார். "வாத்தியார் குடுத்தாரு. இதுல கீற மாதிரி தெனம் செஞ்சி குடு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

'தினமும் காலை: வெள்ளை 6, மஞ்சள் 1. வேகவைத்து.'

இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? நம் பக்கம் வெள்ளை முட்டை என்றால் பண்ணை முட்டை. வீட்டுக் கோழி போடுவது நாட்டு முட்டை. வாத்தியார் நாட்டு முட்டை வேண்டாம், வெள்ளை முட்டை ஆறு என்கிறார். மஞ்சள் ஒன்று என்றால், ஒரு விரலி மஞ்சள். உடம்பை முறுக்கிக் கசரத்து எடுக்கிறவருக்கு உள்காயம் ஆற மஞ்சள் போடச் சொல்கிறார். எட்டாவது வரை படித்த எனக்கு இது போதாதா? வாத்தியார் மேல் எனக்கு மரியாதையே வந்துவிட்டது.

மாமியாருக்குத்தான் வருத்தம். "நம்ம வூட்டுக் கோழி போடறது இன்னா கசக்குதா? பண்ண முட்டைய போய் வாங்கியாரணுமா?" என்றார்.

"வாத்தியாரு வெள்ளைன்னுதான் எழுதி இருக்காரு அத்த" என்று சீட்டைக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. எழுத்தில் இருந்தால் சரி என்று விட்டுவிட்டார்.

மாமியார் வல்லக்கோட்டை முருகனுக்கு விரதம் இருக்கிறவர். வீட்டு அடுப்பில் முட்டை ஏறாது. மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் மூன்று கல் வைத்து நான் தனியாக அடுப்பு மூட்டினேன். ஆறு முட்டையை வேகவைத்து உரித்து, விரலி மஞ்சளை இடித்துத் தூளாக்கி, முட்டையோடு சேர்த்துப் பிசைந்து, கிண்ணத்தில் வைத்தேன்.

"இன்னா இது, இம்மாம் மஞ்சளா கீது?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"உங்க வாத்தியாருதான் எழுதி இருக்காரு."

"வாத்தியாரா?"

"பின்ன நானா எழுதினேன்? ஒடம்பு வலிக்கு நல்லதுங்க. கண்ண மூடிகினு துன்னுங்க."

கண்ணை மூடிக்கொண்டுதான் தின்றார். இரண்டாம் நாளும் அப்படித்தான். விரல், உதடு எல்லாம் மஞ்சள். கொட்டகையில் பையன்கள், 'இன்னாடா ஏழுமல, மஞ்ச தண்ணி ஊத்திட்டாங்களா?' என்று கேட்டார்களாம். அதைச் சொல்லிச் சிரித்தார். மூன்றாம் நாளுக்கு மேல் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மஞ்சளை மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொன்னார். நானும் கால் விரலி ஆக்கினேன், வாத்தியாருக்குத் துரோகம் செய்கிற மாதிரி மனசு அடித்துக்கொள்ள.

கிருத்திகை அன்று மட்டும் முட்டை கிடையாது. அதற்குப் பதிலாக என்ன கொடுப்பது என்று சீட்டில் இல்லை. நானாக ராத்திரியே கொண்டைக்கடலை ஊறப்போட்டு வைத்தேன். "முட்ட அளவுக்கு வராது" என்று அவர் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த ஏமாற்றம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கையில் இருந்த மிட்டாயைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

வீடு நிறைய ஆட்கள். பகலில் அவரும் நானும் நேருக்கு நேர் பேசியதில்லை. அந்த மாட்டுக் கொட்டகைக் கால்மணி நேரம்தான் எங்களுக்கு. அவர் சாப்பிடுவார், நான் எதிரே உட்கார்ந்து பார்ப்பேன். பசு எங்கள் இரண்டு பேரையும் பார்க்கும். வேறு எதையும் பார்க்காமல் ஒரு மனுஷன் சாப்பிடுவதை மட்டும் பார்த்தே அவர் மேல் ஆசை வந்தது எனக்குத்தான் இருக்கும்.

3

தேர்வு நாள் வந்தது. சாயங்காலம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார். "நெஞ்சு பத்தல. மூச்ச இழுத்துப் புடிச்சா ஏற வேண்டிய அளவு ஏறல" என்றார். மாமியார் முருகனைத் திட்டினார். நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த வருடம் அவர் போகவில்லை. தாம்பரம் பக்கம் ஒரு லேத்துப் பட்டறையில் சேர்ந்துவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து மணிமங்கலத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணின் வீட்டுக்காரரும் அதே கொட்டகையில் கசரத்து எடுத்தவர். அந்த முறை போலீசுக்குத் தேர்வானவர். அவள் கன்னம் பூரி மாதிரி உப்பி இருந்தது.

"அத ஏன் கேக்கறீங்க? அவரு வெள்ளக்கரு ஆறு துன்னுவாரு, மஞ்சக்கரு ஒண்ணுதான் துன்னணுமாம். மீதி அஞ்சு மஞ்சக்கருவ தூக்கிப் போடவா முடியும்? தெனம் நானே துன்னு துன்னு இப்படி ஊதிட்டேன்" என்றாள்.

எனக்குக் கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை. வெள்ளை என்றால் வெள்ளைக்கரு. மஞ்சள் என்றால் மஞ்சள் கரு. கரு என்று ஒரு வார்த்தையை வாத்தியார் சேர்த்து எழுதியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? அவருக்கு அவசரம், எனக்கு அதிகப்பிரசங்கித்தனம். ஆறு மஞ்சள் கருவும் சேர்த்து ஊட்டி, மனுஷனை மந்தமாக்கி, நெஞ்சு ஏறாமல் செய்தவள் நான்தான் என்று அன்றைக்கு முடிவு கட்டினேன்.

வீட்டுக்கு வந்து சொல்லலாம் என்று வாயெடுத்தேன். வரவில்லை. நாள் கடந்தது, வருடம் கடந்தது. அவர் லேத்தில் இரும்புத் தூள் படிந்த கையோடு வரும்போதெல்லாம் தொப்பி வைத்த ஒரு தலை என் கண்ணில் வந்து போகும். எங்களுக்கு எட்டு வருடம் பிள்ளை இல்லை. ஊரில் பெண்கள் என்னைப் பார்த்து, "ஒடம்புல சத்தே இல்ல, எங்க இருந்து நிக்கும்?" என்பார்கள். கேட்டுக்கொண்டு பேசாமல் இருப்பேன். அவர் வேலையைக் கெடுத்ததற்கு எனக்கு வந்த தண்டனை என்று வைத்துக்கொண்டேன். எட்டாவது வருடம் நிவி பிறந்தாள். ஒரகடத்தில் கம்பெனிகள் வந்தன. அவர் லேத்தில் இருந்து அங்கே போனார். அங்கிருந்து ஆறு மாதப் பயிற்சி என்று இங்கே அனுப்பினார்கள். அந்த ஆறு மாதம்தான் இன்னும் முடியவில்லை.

4

சனிக்கிழமை மத்தியானம் நிவி என்னைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். இங்கே முட்டை வாங்குவது ஒரு படிப்பு. முழு முட்டையில் எண் அச்சடித்திருக்கும், கோழி கூண்டில் இருந்ததா, தோட்டத்தில் மேய்ந்ததா என்று தெரிந்துகொள்ள. பக்கத்தில் வெறும் வெள்ளைக்கரு, பால் மாதிரிப் புட்டியில். நிவி உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறவள், அதைத்தான் வாங்குவாள். மஞ்சள் கரு எங்கே போனது என்று நான் கேட்டால், "அது வேற ஃபேக்டரிக்குப் போவும்மா" என்பாள். பந்தியில் பார்த்த அந்தப் பூரிக் கன்னம் எனக்கு ஞாபகம் வரும். அதற்கும் அடுத்து, முட்டையே இல்லாத முட்டைத்தூள். பின்னால் எழுதியிருந்ததை நிவி படித்துச் சொன்னாள். கடலை மாவு.

"இத நான் கிருத்திகைக்கே செஞ்சிட்டேன்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. சொல்வதற்கு நிறைய இருந்தது. கடைக்காரர் மூடப் போவதாக மணி அடித்தார்.

எதையும் வாங்காமல் வந்தோம். இன்னது சாப்பிடு என்று சொல்ல இங்கே சாப்பாட்டு ஆலோசகர் என்று ஒருவர் உண்டு, அவர் சொல்லட்டும், அதுவரைக்கும் யாரும் மூளையைக் கசக்க வேண்டாம் என்றாள். அந்த ஆலோசகரைப் பார்க்க மருத்துவக் காப்பீட்டு அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அனுமதிக்கு ஒரு விண்ணப்பம். விண்ணப்பம் நாலு பக்கம். இந்த நாட்டில் பட்டினி கிடப்பதற்குக்கூட ஒரு படிவம் இருக்கும் என்று நினைக்கிறேன்.

5

ஞாயிற்றுக்கிழமை காலை மேஜையில் அப்பாவும் மகளும் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினார்கள். நான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். இங்கே சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் சுவர் கிடையாது. எல்லாம் காதில் விழும்.

நிவி ஒவ்வொரு கேள்வியாக ஜெர்மனில் படித்துத் தமிழில் சொன்னாள். சர்க்கரை இருக்கா? சிகரெட்? தூக்கம்? அவர் ஆமாம், இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

"இதுக்கு முன்னாடி எப்பவாச்சும் ஒடம்ப ஏத்தறதுக்குன்னு ஐவைஸ் அதிகமா சாப்ட்டு இருக்கீங்களா? எப்போ, எவ்ளோ?"

"ஆமா. தொண்ணூத்தி ஒண்ணுல" என்றார். "எழுதிக்கோ. தெனம் வெள்ளக்கரு ஆறு, மஞ்சக்கரு ஒண்ணு."

என் கையில் இருந்த தட்டு தொட்டியில் விழுந்தது. நான் அதை அவரிடம் சொன்னதே இல்லை. திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் தலையைச் சொறிந்துகொண்டார்.

"இல்ல, அது வாத்தியாரு சொன்னது. நான் துன்னது ஆறு முழு முட்ட. அதையே எழுது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன். சோப்புக் கையோடு மேஜைக்கு வந்துவிட்டேன்.

"மூணாம் நாளே தெரியும். மஞ்ச கையப் பாத்துட்டு வாத்தியாரு சீட்டப் பத்திக் கேட்டாரு. நான் சொன்னேன். வயித்தப் புடிச்சிகினு சிரிச்சாரு."

"அப்ப எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ மஞ்சக்கருவ எடுத்துடுவியே" என்றார். "எங்க வூட்ல அஞ்சு பசங்க. ஒரு முட்டைய ஆளுக்குப் பாதின்னு நூல வெச்சி அறுத்துக் குடுப்பாங்க எங்கம்மா. கல்யாணம் ஆயி தெனம் ஆறு முட்ட முழுசா, எனுக்கே எனுக்குன்னு. யாரு வுடுவா?"

நிவி பேனாவைப் பிடித்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அதனாலதான உங்களுக்கு நெஞ்சு பத்தாம போச்சு" என்றேன். "முப்பது வருசத்துக்கு மேல அத நெனச்சிகினு இருக்கேன் நான். உங்க போலீஸ் வேலையக் கெடுத்துட்டேன்னு."

அவருக்கு முகமே மாறிவிட்டது. "நெஞ்ச எவன் அளந்தான்?" என்றார். "ஒசரத்துலயே வெளிய அனுப்பிட்டானுங்க. ஒரு விரக்கட பத்தல. ஒசரம் பத்தலன்னு சொன்னா ஊரே சிரிக்கும், நெஞ்சுன்னா அடுத்த வருசம் ஏத்திக்கலாம்னு சொல்லிக்கலாமேன்னு..."

நல்ல வேளை, தட்டு தொட்டியிலேயே இருந்தது. கையில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது. குள்ளம் என்று சொல்ல வெட்கப்பட்டு ஒரு மனுஷன் சொன்ன பொய்யை நான் என் பாவமாக மடியில் கட்டிக்கொண்டு கடல் தாண்டி வந்திருக்கிறேன். திரும்பிப் போய்க் குழாயைத் திறந்து, கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன்.

பின்னால் இருந்து அவர் குரல் மெதுவாகக் கேட்டது.

"நிவி, அந்தப் பாரத்துல இன்னும் எடம் கீதா?"

"எதுக்குப்பா?"

"வாத்தியாரு சொன்னபடி பாத்தா தெனம் அஞ்சு மஞ்சக்கரு மிஞ்சி இருக்கணும். மத்த பசங்க வூட்ல எல்லாம் அது பொண்டாட்டிக்குப் போச்சு. உங்கம்மாவுக்குச் சேர வேண்டியத நானே துன்னுட்டேன். அப்பறம் எட்டு வருசம், சத்து இல்லாத ஒடம்பு, அதான் புள்ள நிக்கலன்னு ஊரே அவளப் பேசிச்சு. நான் பக்கத்துலயே நின்னுகினு இருந்தேன். வாயத் தொறக்கல."

நிவி காகிதத்தைப் பார்த்தாள். "அதுக்கு எடம் இல்லப்பா" என்றாள்.

நான் குழாயை மூடினேன். அழுகை வந்தது, கோபம் அதற்கு முன்னால் வந்தது. "புள்ளைக்கும் முட்டைக்கும் இன்னா சம்பந்தம், லூசு மனுசா!" என்று கத்தினேன். இத்தனை வருடத்தில் அவரை நான் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. நிவிக்கு வாய் பிளந்துவிட்டது.

அவர் சிரிக்கவில்லை. இத்தனை வருடமும் யாரிடமும் கேட்க முடியாமல் வைத்திருந்த கேள்வி போல, என்னை நிமிர்ந்து பார்த்து, "இல்லியா?" என்றார்.

"இல்லீங்க" என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.